அறிக்கையில் 3.2, தம்பி அளந்ததில் 4.4: அம்மாவின் கழுத்துக்கு எந்த அளவு?

கேள்வி: என் அம்மாவுக்கு வயது 61. பல ஆண்டுகளாக முடக்குவாதம். சில மாதங்களாக விரல்கள் மரத்துப்போகின்றன. ரவிக்கைக் கொக்கியை மாட்டச் சிரமப்படுகிறார், நடையும் தள்ளாடுகிறது. எம்ஆர்ஐ பார்த்த அறுவை மருத்துவர், கழுத்தின் முதல் இரண்டு எலும்புகளையும் திருகாணி வைத்துப் பிணைக்க வேண்டும் என்றார். பிறகு ஒரு சிடி, அதற்குப் பிறகு கான்ட்ராஸ்ட் ஊசி போட்டு இன்னொரு சிடி. அறிக்கையில் "முன் இடைவெளி 8 மி.மீ., பின் இடைவெளி 12 மி.மீ., சி2 பெடிக்கிள் அகலம் வலது 5.6, இடது 3.2 மி.மீ., இடப்பக்க முள்ளெலும்புத் தமனி உயர்ந்து செல்கிறது" என்று இருக்கிறது. தம்பி வட்டில் இருந்த படங்களை வீட்டுக் கணினியில் திறந்து அளந்து பார்த்து, இடப்பக்கம் 4.4 என்கிறான். யார் சொல்வது சரி? இத்தனை ஸ்கேன் தேவையா? 3.2 என்றால் அறுவை செய்யவே முடியாதா?
– வாசகி, ஈசூன், சிங்கப்பூர்

பதில்: அறுவை செய்ய முடியும். இடப்பக்கத்தில் மட்டும் திருகாணி வேறு வழியாகப் போக வேண்டியிருக்கும். அளவைப் பொறுத்தவரை, படங்களைப் பார்க்காமல் தீர்ப்புச் சொல்ல முடியாது என்றாலும் அறிக்கையில் உள்ள எண்ணுக்கே நான் கூடுதல் எடை கொடுப்பேன். தம்பி கணக்கில் தவறியிருக்க மாட்டார். எந்தப் படத்தில், எந்தத் தளத்தில், எந்த விளிம்பிலிருந்து அளந்தார் என்பதில்தான் வித்தியாசம் வந்திருக்கும். அவர் எண்ணையே எடுத்துக்கொண்டாலும் முடிவு ஏன் மாறாது என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

முதலில் அந்த 8, 12 என்ற எண்கள். இரண்டாவது கழுத்தெலும்பிலிருந்து (சி2) விரல்போல ஒரு முளை மேலே எழும்பி, முதல் எலும்பின் (சி1) வளையத்துக்குள் நிற்கிறது. அது பின்னால் சாயாமல் ஒரு குறுக்குத் தசைநார் பிடித்துவைத்திருக்கிறது. முடக்குவாதம் அந்தத் தசைநாரைத் தளர்த்தி, முளையின் எலும்பையும் அரித்துவிடும். பிறகு தலை குனியும்போதெல்லாம் முதல் எலும்பு முன்னால் நழுவும். வளையத்தின் முன்வளைவுக்கும் முளைக்கும் உள்ள இடைவெளி பெரியவர்களுக்கு 3 மி.மீ.க்கு மேல் போகக் கூடாது, அம்மாவுக்கு 8. அதைவிடக் கவனிக்க வேண்டியது முளைக்குப் பின்னால் மிஞ்சியிருக்கும் இடம். தண்டுவடம் அங்கேதான் இருக்கிறது. அது 14 மி.மீ. அல்லது அதற்கும் குறைவாக இருந்தால் நரம்புப் பாதிப்புக்கான எச்சரிக்கை என்று எடுத்துக்கொள்வோம். 12 என்ற அளவோடு கொக்கி மாட்ட முடியாத விரல்களும் தள்ளாடும் நடையும் சேர்ந்திருக்கின்றன. மருத்துவர் அவசரப்படுவதன் காரணம் இதுதான்.

மூன்று ஸ்கேன்களும் வெவ்வேறு வேலைக்கானவை. எம்ஆர்ஐ தண்டுவடம் எவ்வளவு நசுங்கியிருக்கிறது, உள்ளே நிறம் மாறியிருக்கிறதா, முளையைச் சுற்றி அழற்சித் திசு தடித்திருக்கிறதா என்று காட்டும். எலும்பின் வெளிச்சுவர் அதில் வெறும் கறுப்புக் கோடு. வழக்கமான வெட்டு ஒவ்வொன்றும் 3 மி.மீ. தடிமன் இருக்கும். 3 மி.மீ. எலும்பை 3 மி.மீ. வெட்டில் அளப்பதில் அர்த்தமில்லை. திருகாணிக்கு இடம் பார்க்க 1 மி.மீ. அல்லது அதற்கும் மெல்லிய வெட்டுகள் கொண்ட சிடி வேண்டும். கான்ட்ராஸ்ட் சிடி தமனியின் பாதையையும், வலது இடது தமனிகளில் எது பெரியது என்பதையும் காட்டும். மெல்லிய சிடி எடுக்கும்போதே கான்ட்ராஸ்டும் போட்டிருந்தால் ஒரே ஸ்கேனில் முடிந்திருக்கலாம். ஆனால் தமனி எலும்பை அரித்து உயர்ந்திருப்பது பெரும்பாலும் முதல் சிடியைப் பார்த்த பிறகுதான் தெரியவரும். கதிர்வீச்சை நினைத்துக் கவலைப்பட வேண்டாம். கழுத்து சிடி ஒன்று சில மில்லிசீவெர்ட். இயற்கையாகவே நாம் ஆண்டுதோறும் வாங்கிக்கொள்வது உலகச் சராசரியில் சுமார் 2.4 மில்லிசீவெர்ட். 61 வயதில், இப்படி ஓர் அறுவைக்கு முன்னால், அது பொருட்டில்லை.

இப்போது 3.2-உம் 4.4-உம். பெடிக்கிள் என்பது எலும்பின் முன்பகுதியையும் பின்வளைவையும் இணைக்கும் காம்பு. சி2-இல் இந்தக் காம்பு பின்னாலிருந்து முன்னோக்கிப் போகும்போது ஏறத்தாழ 20 முதல் 30 டிகிரி உள்நோக்கியும் அதே அளவு மேல்நோக்கியும் சாய்கிறது. அதற்குக் கீழே, வெளிப்பக்கமாக, தமனியின் பள்ளம். ஆக அது நேர்க்காம்பு அல்ல; ஓரிடத்தில் தமனியால் குடையப்பட்டு மெலிந்த காம்பு. அந்த மெலிந்த இடத்தில் அளந்தால்தான் எண்ணுக்கு மதிப்பு.

தம்பியின் எண் கூடுதலாக வர மூன்று காரணங்கள் இருக்கலாம், பெரும்பாலும் மூன்றும் சேர்ந்தே வரும். வட்டைத் திறந்ததும் வரும் குறுக்குவெட்டுப் படம் உடலுக்குக் கிடைமட்டமானது. சாய்ந்த காம்பை அது எங்கோ ஓரிடத்தில் குறுக்கே வெட்டுகிறது. அந்த வெட்டு தமனிப் பள்ளத்துக்குச் சற்று மேலே போயிருந்தால் காம்பு அகலமாகத்தான் தெரியும். அடுத்தது, கோடு காம்பின் அச்சுக்குச் செங்குத்தாக இல்லாமல் சாய்ந்திருந்தால் அளவு நீளும். முருங்கைக்காயைச் சாய்த்து வெட்டினால் துண்டின் முகம் நீள்வது மாதிரி. 30 டிகிரி சாய்ந்தாலே 3.2 என்பது 3.7 ஆகிவிடும். மூன்றாவது காரணத்தைப் பலர் கவனிப்பதில்லை: திரையின் கறுப்பு வெள்ளை அமைப்பு. தசையைப் பார்க்கும் அமைப்பில், அதாவது அகலம் 350, நடு 50 என்ற அளவில் வைத்தால், எலும்பின் வெள்ளை ஊதிப்போய் விளிம்பு வெளியே வழியும். எலும்பு அமைப்பில், அகலம் 2000, நடு 500 என்ற அளவில்தான் விளிம்பு அதன் இடத்தில் நிற்கும்.

மறுபடி அளந்து பார்க்க விரும்பினால் இப்படிச் செய்யச் சொல்லுங்கள். வட்டில் பல தொகுப்புகள் இருக்கும்; 1 மி.மீ. அல்லது குறைவான தடிமன் கொண்ட எலும்புத் தொகுப்பைத் தேர்ந்தெடுக்க வேண்டும். மூன்று தளங்களையும் ஒரே நேரத்தில் காட்டும் முறையில் திறந்து, முதலில் தலையின் சாய்வைச் சரிசெய்ய வேண்டும்: தமனி செல்லும் வலது இடது பக்கத் துளைகள் ஒரே வெட்டில் ஒன்றாகத் தெரிய வேண்டும். பிறகு பக்கவாட்டுப் படத்தில் குறுக்குக் கோட்டைச் சாய்த்து, இடது காம்பின் நீளத்தோடு ஒட்டி ஓடும்படி வைக்க வேண்டும். அந்தத் தளத்தில் மேலும் கீழும் நகர்த்தி, மிகக் குறுகிய இடத்தைக் கண்டுபிடித்து, வெளிச்சுவரிலிருந்து வெளிச்சுவர் வரை அச்சுக்குச் செங்குத்தாக ஒரு கோடு. வலப்பக்கத்துக்குத் தளத்தைப் புதிதாகச் சாய்க்க வேண்டும். ஒரே தளத்தில் இரண்டு பக்கத்தையும் அளப்பதுதான் வழக்கமான தவறு. உள்ளே மஜ்ஜைப் பகுதியின் அகலத்தையும் தனியே குறித்துக்கொள்ளலாம். சில காம்புகள் வெளியே போதுமான அகலம் இருந்தும் உள்ளே கெட்டி எலும்பாகவே இருக்கும். அங்கே துளைக்கும் கருவி வழுக்கி மெல்லிய சுவர்ப்பக்கம் போய்விடும்.

இவ்வளவு செய்தாலும் தசமப் புள்ளிக்குப் பின்னால் உள்ள எண்ணை வேதவாக்காக எடுத்துக்கொள்ள முடியாது. 200 மி.மீ. அகலப் பரப்பை 512 புள்ளிகளாகப் பிரித்தால் ஒரு புள்ளி 0.39 மி.மீ. இரண்டு விளிம்பிலும் ஒவ்வொரு புள்ளி தவறினால் 0.8 மி.மீ. போய்விடும். தேர்ந்த இருவர் அளந்தாலும் அரை மி.மீ. வேறுபடுவது சாதாரணம். 3.2-ஐயும் 3.6-ஐயும் வைத்துச் சண்டை போட வேண்டாம். 3.2-உம் 4.4-உம் என்றால்தான் முறையில் வேறுபாடு இருக்கிறது.

சரி, 4.4 என்றே வைத்துக்கொள்வோம். சி2-க்கு வழக்கமாகப் பயன்படும் திருகாணியின் விட்டம் 3.5 மி.மீ. இரண்டு பக்கமும் 0.45 மி.மீ. மிஞ்சும். வலப்பக்கம் 5.6-இல் பக்கத்துக்கு ஒரு மி.மீ.க்குச் சற்று மேல் கிடைக்கிறது. அது வேலை செய்யத்தக்க இடம். அரை மி.மீ.கூட இல்லாத இடத்தில், அதுவும் முடக்குவாதத்தாலும் ஸ்டீராய்டு மாத்திரையாலும் மெலிந்திருக்கக்கூடிய எலும்பில், கவனமுள்ள எவரும் துளைக்கத் துணியமாட்டார். அதைவிட, அறிக்கையின் அடுத்த வரிதான் உண்மையில் முடிவைச் செய்கிறது. தமனி உயர்ந்து செல்கிறது என்பதற்கு ஓர் அளவுகோல் உண்டு. தண்டுவடக் கால்வாயின் வெளிச்சுவரிலிருந்து 3 மி.மீ. வெளியே தள்ளி எடுத்த பக்கவாட்டு வெட்டில் இரண்டு அளவுகளைப் பார்ப்பார்கள். தமனிப் பள்ளத்தின் கூரைக்கும் மேலே உள்ள மூட்டுப் பரப்புக்கும் இடையிலான உயரம் 2 மி.மீ. அல்லது அதற்குக் கீழ், அல்லது இஸ்த்மஸ் எனப்படும் இணைப்பெலும்பின் உயரம் 5 மி.மீ. அல்லது அதற்குக் கீழ் என்றால் உயர்ந்த தமனி என்று எழுதுவார்கள். பெடிக்கிள் அகலம் 4 மி.மீ. அல்லது அதற்குக் கீழ் என்பது குறுகிய காம்பு. அகலக் கணக்கில் தம்பி வென்றாலும் உயரக் கணக்கு அப்படியே நிற்கும். முடக்குவாதக்காரர்களிடம் எலும்பு அரிப்பால் இந்த நிலை கூடுதலாகவே காணப்படுகிறது. பெண்களுக்குச் சராசரியாகக் காம்பும் சிறியது. அம்மாவின் எலும்பு ஏதோ விசித்திரம் என்று நினைக்க வேண்டாம்.

தமனி ஏன் இவ்வளவு பயமுறுத்துகிறது? முள்ளெலும்புத் தமனிகள் இரண்டும் பெரும்பாலும் ஆறாவது கழுத்தெலும்பின் பக்கத் துளையில் நுழைந்து, ஒவ்வொரு எலும்பாக ஏறி, முதல் எலும்பின் பின்வளைவின் மேல் வளைந்து தலைக்குள் போகின்றன. மூளைத்தண்டுக்கும் சிறுமூளைக்கும் ரத்தம் கொடுப்பவை. இரண்டும் சம அளவில் இருப்பது குறைவு. பலருக்கு இடப்பக்கம் பெரியது. அம்மாவுக்கும் உயர்ந்து செல்லும் இடது தமனியே பெரியதாக இருந்து, வலது தமனி மெலிந்து பாதியிலேயே முடிவதாக இருந்தால், இடப்பக்கத்தில் ஒரு சிறு தவறும் பக்கவாதத்தில் முடியலாம். அறிக்கையில் எந்தத் தமனி பெரியது என்ற வரி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் கேளுங்கள். கேட்டே ஆக வேண்டிய ஒரே கேள்வி என்றால் இதைத்தான் சொல்வேன்.

இடப்பக்கத்துக்கு மாற்று வழிகள் உண்டு. தமனித் துளையை எட்டுமுன் நின்றுவிடும் குட்டைத் திருகாணியை இஸ்த்மஸில் வைப்பது ஒன்று. நீளம் 14 முதல் 16 மி.மீ. பெடிக்கிள் திருகாணி 20 மி.மீ.க்கு மேல் போகும். பிடிப்பு சற்றுக் குறைவு, ஆபத்தும் குறைவு. இன்னொன்று, லாமினா எனப்படும் பின்புறத் தகட்டுக்குள்ளேயே திருகாணியைப் படுக்க வைப்பது. 2004-இல் நீல் ரைட் வெளியிட்ட முறை இது. தமனியின் பக்கமே போகாது. அதற்கு அளக்க வேண்டியது தகட்டின் தடிமன், நீளம், சாய்வு. தடிமன் 5 மி.மீ. அளவுக்கு இருந்தால் 3.5 மி.மீ. திருகாணி வசதியாக நிற்கும். உட்சுவர் உடைந்தால் திருகாணி தண்டுவடக் கால்வாய்க்குள் எட்டிப்பார்க்கும் என்பது அதன் குறை. அறிக்கையில் தகட்டின் அளவு இல்லாதது எனக்கு ஒரு குறையாகவே படுகிறது. படம் இருப்பதால் மருத்துவர் சில நிமிடத்தில் அளந்துகொள்ளலாம். இரண்டு வழியும் சரிவராவிட்டால் பிணைப்பை மூன்றாவது எலும்பு வரை நீட்டுவார்கள்.

மூட்டின் குறுக்காகவே சி2-இலிருந்து சி1-க்கு நீளத் திருகாணி செலுத்தும் மாகர்ல் முறை ஒன்றும் இருக்கிறது. உயர்ந்த தமனி உள்ள பக்கத்தில் அதை நினைக்கவே வேண்டாம். இன்று பெரும்பாலும் செய்யப்படுவது, மும்பையின் அதுல் கோயல் முன்னெடுத்து, 2001-இல் ஹார்ம்ஸும் மெல்ச்சரும் கம்பி இணைப்போடு வெளியிட்ட முறை. சி1-க்குத் தனித் திருகாணி, சி2-க்குத் தனித் திருகாணி, இரண்டையும் இணைக்க ஒரு கம்பி. ஒவ்வொரு எலும்புக்கும் அதனதன் பாதையைத் தேர்ந்துகொள்ள முடிவதால், உங்கள் அம்மாவைப் போல இரண்டு பக்கமும் வேறுபட்டவர்களுக்கு இது வசதி.

சி1-க்கும் அளவு உண்டு. பக்கத் திரளின், அதாவது வளையத்தின் இரு பக்கமும் தடித்திருக்கும் எலும்பின் உயரம், அகலம், அரிப்பு எவ்வளவு என்று பார்க்க வேண்டும். அதற்கு முன்னால் உட்கழுத்துத் தமனியும் நாக்கை அசைக்கும் நரம்பும் ஓடுகின்றன. திருகாணி முன்சுவரைத் தாண்டி எவ்வளவு நீட்டலாம் என்பது அவற்றின் தூரத்தைப் பொறுத்தது. சிலருக்கு முதல் எலும்பின் பின்வளைவுக்கு மேல் ஓர் எலும்புப் பாலம் இருக்கும். எக்ஸ்ரேயிலும் அறுவை மேசையிலும் பின்வளைவு நல்ல அகலம் என்று ஏமாற்றும்; அதை நம்பித் துளைத்தால் உள்ளே இருப்பது தமனி. சிடியைப் பக்கவாட்டு வெட்டில் பார்த்தால் ஏமாற வழியில்லை. அரிதாகத் தமனியே பின்வளைவின் கீழே, திருகாணி நுழையும் இடத்தின் குறுக்காகப் போவதும் உண்டு. அதைக் கான்ட்ராஸ்ட் சிடி தெளிவாகக் காட்டிவிடும்.

படத்தில் அளந்தது அறுவை அறையில் அப்படியே இருக்குமா? ஒவ்வொரு எலும்பின் உள்ளளவும் மாறாது. எலும்புகளுக்கு இடையிலான உறவு மாறும். சிடி மல்லாந்து படுத்து எடுத்தது; அறுவை குப்புறப் படுத்து, தலையைக் கவ்வியில் பொருத்திச் செய்வது. நழுவும் மூட்டு அந்த மாற்றத்திலேயே இடம் மாறியிருக்கும். கணினி வழிகாட்டி கொண்டு செய்யும்போது சி2-ஐ வைத்துப் பொருத்திய வரைபடத்தை சி1-க்கு நம்பக் கூடாது. தனித்தனியே பொருத்த வேண்டும், அல்லது குப்புறப் படுத்த பிறகு அறையிலேயே புதிதாக ஸ்கேன் எடுக்க வேண்டும். வழிகாட்டியின் குறிச்சட்டத்தை யாராவது முழங்கையால் இடித்துவிட்டால் திரையில் எல்லாம் சரியாகவே தெரியும், எலும்பில் மட்டும் விலகியிருக்கும். அதனால்தான் தெரிந்த ஓர் எலும்பு முனையைத் தொட்டுத் தொட்டுச் சரிபார்ப்பார்கள். திருகாணிப் பாதையில் தமனி ரத்தம் பீறிட்டால், மறுபக்கத்தில் ஆபத்தான திருகாணி எதையும் முயலக் கூடாது என்பது இந்தத் துறையின் கண்டிப்பான விதி. இரண்டு தமனியும் போனால் மீள்வது கடினம்.

அறுவைக்கு முன் வீட்டில் செய்ய வேண்டியவை. அம்மா மெத்தோட்ரெக்சேட், ப்ரெட்னிசொலோன், உயிரியல் ஊசி எதில் இருந்தாலும் நீங்களாக நிறுத்த வேண்டாம். ப்ரெட்னிசொலோனைத் திடீரென நிறுத்துவது ஆபத்து. எதை எப்போது நிறுத்துவது என்று மூட்டுநோய் மருத்துவரும் மயக்க மருத்துவரும் சேர்ந்து சொல்வார்கள். இன்னொரு முறை கான்ட்ராஸ்ட் தேவைப்பட்டால் சிறுநீரக ரத்தப் பரிசோதனை முடிவு, மெட்ஃபோர்மின் எடுக்கிறாரா, ஆஸ்துமா உண்டா, முன்பு ஊசிக்கு அரிப்போ மூச்சுத்திணறலோ வந்ததா என்பதையெல்லாம் முன்கூட்டியே சொல்லுங்கள். மயக்க மருத்துவரிடம் கழுத்து நழுவும் விஷயத்தை நீங்களும் ஒரு தடவை சொல்வதில் தவறில்லை. சுவாசக் குழாய் போடும்போது கழுத்தை வளைக்காமல் செய்ய அவர்களிடம் தனி முறை இருக்கிறது.

எண்ணெய் தேய்த்துக் கழுத்தைப் பிடித்துவிடுவது, துய்னா எனும் சீன மசாஜ், கைரோபிராக்டிக், தேக்காவில் முடிவெட்டும் இடத்தில் சொடுக்கு எடுப்பது எதுவும் இப்போது கூடவே கூடாது. பேருந்தில் நிற்கவிடாதீர்கள், திடீர் பிரேக்கில் தலை முன்னால் விழும். கழுத்துப் பட்டை நினைவூட்டலுக்கு உதவும், மேல்கழுத்தின் அசைவை முழுதாக நிறுத்தாது. கைகால் பலம் திடீரெனக் குறைந்தாலோ, சிறுநீர் அடைத்தாலோ, மூச்சு வாங்கினாலோ, பலதுறை மருந்தக நேரத்துக்குக் காத்திராமல் 995-ஐ அழைத்து ஆம்புலன்ஸ் கேளுங்கள்.

பிணைத்த பிறகு கழுத்தைத் திருப்பும் அசைவில் ஏறத்தாழ பாதி போய்விடும். அந்த அசைவு இந்த ஒரு மூட்டிலிருந்துதான் வருகிறது. அம்மா கார் ஓட்டுபவராக இருந்தால் இதை முன்பே பேசிக்கொள்ளுங்கள். அறுவைக்குப் பின் எடுக்கும் சிடியில் திருகாணி உண்மையைவிடத் தடியாகத் தெரியும். உலோகம் படத்தில் உண்டாக்கும் பிழை அது. தம்பி அதையும் அளக்க உட்கார்ந்தால் தேவையில்லாமல் பயந்துபோவார்.

அடுத்த சந்திப்பில் கேளுங்கள்: இடப்பக்கத்தில் எந்தத் திருகாணி, அதன் நீளமும் விட்டமும் என்ன, அது நடுவில் சரிவராவிட்டால் அடுத்த திட்டம் எது, முளை தலையோட்டின் அடிப்பகுதிக்குள் ஏறியிருக்கிறதா. ஏறியிருந்தால் பிணைப்பு தலையோடு வரை நீளக்கூடும். வேறொரு மருத்துவரிடம் இரண்டாம் கருத்துக் கேட்பதானால் அறிக்கைத் தாளை மட்டும் கொண்டுபோகாதீர்கள். மெல்லிய வெட்டுகள் அடங்கிய முழுத் தொகுப்பும் வட்டில் இருக்கிறதா என்று படப்பதிவுப் பிரிவில் கேட்டு வாங்குங்கள். சில வட்டுகளில் 3 மி.மீ. தொகுப்பை மட்டும் போட்டுக் கொடுத்துவிடுவதுண்டு. மெடிசேவ் (மருத்துவச் சேமிப்பு), மெடிஷீல்ட் லைஃப் (மருத்துவக் காப்புறுதி) கணக்கை மருத்துவமனையின் நிதி ஆலோசகரிடம் அதே நாளில் முடித்துவிடலாம். வழிகாட்டிக் கருவிக்கும் திருகாணிகளுக்கும் தனித்தனியே கட்டணம் உண்டா என்று மறக்காமல் கேளுங்கள்.